பிரஷ்ஷை நீங்கள் பிடியுங்கள்

ஆறு வயதை ஒட்டிக் குழந்தையின் வாயில் புதிதாக நான்கு பற்கள் முளைக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், அதுவரை வெறும் ஈறாக இருந்த இடத்தில் வரும். இவற்றுக்கு வழிவிட எந்தப் பல்லும் ஆடாது, விழாது, ரத்தம் வராது. "அம்மா, பல்லு ஆடுது" என்று குழந்தையும் ஓடி வராது. அதனால் வீட்டில் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் ஆயுள் முழுக்க மென்று தின்ன வேண்டிய நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் அவை. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களோடு வரும். வந்த ஓரிரு வருடத்திலேயே அந்தப் பள்ளத்தில் கறுப்பு விழுந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

எங்கள் அங்கன்வாடி மையத்தில் இருந்துவிட்டு இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், தங்கையை விட வந்த அம்மாவோடு கூட வந்தான். கன்னத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். செல்போன் டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்வரிசையில் இடது பக்கம், கடைசிப் பல்லில், மிளகு அளவுக்கு ஒரு குழி.

"எப்ப இருந்து வலிக்குதும்மா?"

"ரெண்டு மூணு நாளா சாப்பிட மாட்றான் டீச்சர். விழுற பல்லுதானே, அதான் விட்டுட்டேன்."

இது விழாத பல் என்றேன். அவர் நம்பவில்லை. முன்பல்தான் விழுந்து முளைத்திருக்கிறது, பின்னால் ஒன்றுகூட விழவில்லையே, அப்புறம் எப்படி அங்கே புதுப் பல் வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடுவிலிருந்து எண்ணச் சொன்னேன். முன்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப்பல் இரண்டு. ஒரு பக்கத்துக்கு ஐந்து வீதம் மேலும் கீழுமாக இருபது. பால் பல் அவ்வளவுதான். இந்த வயதில் ஆறாவதாக ஒன்று இருந்தால் அது ஆயுசுக்கும் உள்ள பல். அவர் தன் விரலை உள்ளே விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு வந்தது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் திருத்தணி மலையடிவாரத்தில் அங்கன்வாடி டீச்சர். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். மேலே, 365 படி ஏறினால், தணிகை முருகன். கீழே அவனை நம்பியும் நம்பாமலும் பிழைக்கும் குடும்பங்கள். பூக்கட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், விசைத்தறிக்குப் போகிறவர்கள், விடியற்கால ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் பாதி வீடுகளில் அடுப்படிப் பேச்சு தெலுங்குதான். பல் தேய்த்துவிட்டு "துப்பு" என்று ஒரு தடவையும் "உம்மேய்" என்று ஒரு தடவையும் சொன்னால்தான் எல்லாப் பிள்ளைகளும் துப்பும்.

அம்மாவும் அப்பாவும் காலையிலேயே கிளம்பிவிடும் வீடுகளில் குழந்தைக்குப் பல் விளக்கிவிடுவது அவ்வாவின், அதாவது பாட்டியின், பொறுப்பு. பாவம், அவர்களுக்கு இருக்கிற வேலையில் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவார்கள். "அவனே தேச்சிக்குவான் டீச்சர், நல்லா பழகிட்டான்" என்று பெருமையாகவும் சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நான்கு வயதுக் குழந்தை தானே தேய்த்துக்கொள்ளாது. பிரஷ்ஷைச் சப்பும், பேஸ்ட்டை விழுங்கும், முன்பல் நான்கை இழுத்து இழுத்துத் தேய்க்கும். அதற்குமேல் அந்தக் கைக்கு முடியாது. விரல்களையும் மணிக்கட்டையும் இந்த வேலைக்கு வேண்டிய நுணுக்கத்தோடு இயக்க ஏழு, எட்டு வயதாகிறது. தன் பெயரைத் தெளிவாக, கோணாமல் எழுத வராத கை கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தைத் தேய்க்காது. அதுவரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும். குழந்தை முதலில் தன் ஆசைக்குத் தேய்க்கட்டும். பிறகு நாம் பிரஷ்ஷை வாங்கி முழுதாக ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். பல் விளக்கக் கற்றுக்கொடுப்பது என்றால் பல வருடம் இதைச் செய்வதுதான்.

பால் பல் விழத்தானே போகிறது, அதற்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மை. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். மூன்று வயதில் சொத்தை விழுந்தால் ஏழெட்டு வருடம் குழந்தை அதை வைத்துக்கொண்டுதான் தின்ன வேண்டும். வலிக்கிற பக்கம் மெல்லாது. முட்டையை விழுங்கும், சாதத்தை ஒதுக்கும். மாதாமாதம் எடை பார்க்கும்போது எடை ஏறாமல் நிற்கும் பிள்ளையின் வாயை நான் முதலில் திறந்து பார்ப்பது இதனால்தான். சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக வரும். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை உள்ளே இறங்குவதும் வேகம்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கும் மேல் சொத்தைப் பல் இருந்தது. உலக அளவில் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அம்மை போல, போலியோ போல இது செய்தியில் வராது. குழந்தை ராத்திரி அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அவ்வளவுதான்.

சொத்தை எப்படி வருகிறது என்பதை அம்மாக்கள் கூட்டத்தில் நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். நாம் "பூச்சிப் பல்" என்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாயில் புகை பிடித்து, கீழே விழுந்ததைக் காட்டி, இதோ புழு என்று சொல்கிறவர்களைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். பல்லுக்குள் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் புழு எதுவும் இல்லை. எல்லோர் வாயிலும் கிருமிகள் இருக்கின்றன. நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் அவையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுள்ள எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. உமிழ்நீர் சும்மா இருக்காது. அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து, கரைந்ததைத் திரும்பப் படியவைக்கும். அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் குழந்தை இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம்.

இது தெரியவந்த கதை வேதனையானது. 1940களின் பிற்பகுதியில் தொடங்கி, சுவீடன் நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விபெஹோம் என்ற மருத்துவமனையில், மறுக்கத் தெரியாத நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாயைக் கொடுத்துப் பல் சொத்தையாவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களைவிட, சாப்பாட்டுக்கு நடுவே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குத்தான் பற்கள் கொத்துக் கொத்தாகப் போயின. அந்த மனிதர்களுக்குச் செய்தது பெரிய கொடுமை. அவர்கள் பல்லைக் கொடுத்துக் கிடைத்த பாடத்தை நாம் வீணாக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் குழந்தையின் வாயில் கற்கண்டு போடுவது ஆசீர்வாதம். முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்கு வந்தபோது ஒரு முதியவர் அவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டதாகவும், வந்தது முருகனே என்று உணர்ந்து அவர் தன் முதல் கீர்த்தனையைப் பாடியதாகவும் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் கற்கண்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி இறங்கும் பிள்ளைகள் மறுநாள் சட்டைப்பை நிறையப் பொரியும் கற்கண்டும் மிட்டாயுமாக வருவார்கள். வாங்கி வைத்துவிட்டு மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பேன். தின்று முடித்ததும் வாய் கொப்பளித்தாக வேண்டும். நாள் முழுக்கப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சப்புவதைத்தான் நிறுத்த வேண்டும். எங்கள் மையத்துச் சத்துமாவிலும் வெல்லம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது அவசியம், ஆனால் உருண்டை பிடித்துக் கொடுத்தால் கடைவாயில் அப்பிக்கொள்ளும். கொடுத்த கையோடு தண்ணீரும் கொடுப்பது எங்கள் உதவியாளர் அக்காவின் வழக்கம்.

பால் புட்டி வேறு கதை. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்கவிடும் வீடுகள் இருக்கின்றன. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை தப்பிக்கும். மேல் நான்கு பல் மட்டும் அரித்து, வெறும் கறுப்பு வேராக நிற்கும் இரண்டரை வயதுக் குழந்தையைப் பார்த்தால் புட்டிப் பால் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். உமிழ்நீர் குறையும் அதே காரணத்தால்தான் இரவில் பல் தேய்ப்பது காலையில் தேய்ப்பதைவிட முக்கியம். நம் வழக்கம் நேர்மாறாக இருக்கிறது. காலையில் பல் விளக்காமல் காப்பி தரமாட்டார்கள். இரவில் பாயசம் குடித்துவிட்டு அப்படியே படுத்தாலும் கேட்க ஆளில்லை.

இனி தேய்க்கும் விதம். இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

முதல் பல் எட்டிப் பார்த்ததுமே தொடங்க வேண்டும், அதாவது ஆறேழு மாதத்தில். அதற்கு முன்பு, பால் குடித்தபின் ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைத்துவிட்டால் வாயில் கை படுவது குழந்தைக்குப் பழகிவிடும். பிரஷ் சின்னத் தலையாக, மிக மெல்லிய நாராக இருக்க வேண்டும். கடையில் கேட்டால் குழந்தைகளுக்கான சாஃப்ட் பிரஷ் என்று கொடுப்பார்கள். நார் விரிந்து பூவாகிவிட்டால் அது தேய்க்காது. மூன்று மாதம் ஆனாலும் மாற்ற வேண்டும், அதற்குள் விரிந்துவிட்டாலும் மாற்ற வேண்டும். குழந்தைகள் கடித்துக் கடித்துச் சீக்கிரமே விரித்துவிடுவார்கள். அண்ணன் பிரஷ்ஷே தங்கைக்கும் என்பது கூடவே கூடாது.

பேஸ்ட்டை விளம்பரத்தில் அலை அலையாக பிரஷ் முழுக்கப் பிழிவார்கள். அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. பிழிவது பெரியவர் வேலை. ட்யூப் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சின்னக் குழந்தை என்றால் பாயில் உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் அவ்வாக்களுக்கு இது சொல்லித்தரவே வேண்டாம், அதே லாகவம்தான். வாய் முழுக்க மேலிருந்து தெரியும். இன்னும் இரண்டு கை வேண்டுமென்றால் அம்மாவும் அவ்வாவும் எதிரெதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து குழந்தையைக் குறுக்கே படுக்கவைக்கலாம். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் தேய்க்கலாம். நிற்கத் தெரிந்த குழந்தைக்குப் பின்னால் நாம் நின்று, அதன் தலையை நம் வயிற்றில் சாய்த்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். முன்னால் குனிந்து நின்று தேய்த்தால் நமக்கு உதடுதான் தெரியும்.

நான் எப்போதும் கீழ்க் கடைவாயின் உட்பக்கத்தில், நாக்கை ஒட்டிய பக்கத்தில் ஆரம்பிப்பேன். எல்லோரும் விட்டுவிடும் இடம் அது. குழந்தைக்குப் பொறுமை இருக்கும்போதே கஷ்டமான இடத்தை முடித்துவிட வேண்டும். சிரிக்கும்போது தெரியும் முன்பல்லைக் கடைசியில் தேய்த்தால் போதும், அது எப்படியும் தேய்பட்டுவிடும். உட்பக்கம் முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்ன அசைவு. பிறகு மெல்லும் பரப்பு, பள்ளங்களில் நார் இறங்கும்படி. வெளிப்பக்கத்துக்குப் பல்லைக் கடித்து "ஈ" காட்டச் சொல்லி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்ற வேண்டும். அழுத்தக் கூடாது. இந்த வட்ட முறை அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் பரப்பியது. 1913இல் பல் சுகாதாரப் பணிப்பெண்களுக்கென்று ஒரு பள்ளியே தொடங்கி, படித்து முடித்தவர்களை அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிப் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் குழந்தைகளுக்கு இதைவிட எளிதான முறை இல்லை.

மேல் கடைவாயின் வெளிப்பக்கம் பிரஷ் போகவே மாட்டேன் என்கிறது என்பார்கள். வாயை ஆவென்று திறக்கச் சொல்வதால் வரும் வினை. பெரிதாகத் திறந்தால் கன்னம் விறைத்துக்கொள்ளும். பாதி மூடச் சொன்னால் தளர்ந்துவிடும், பிரஷ் தானாக உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக முளைக்கும் ஆறு வயதுப் பல் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்ச காலம் தாழ்ந்தே இருக்கும். நேராகத் தேய்த்தால் பிரஷ் அதைத் தாண்டிப் போய்விடும். கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக பிரஷ்ஷைக் கொண்டுபோய் அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேய்க்க வேண்டும்.

மொத்தம் இரண்டு நிமிடம். கடைசியில் துப்பச் சொல்லுங்கள். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி நாலு தடவை கொப்பளிக்க வேண்டாம், பேஸ்ட்டில் உள்ள மருந்து பல்லின் மேல் கொஞ்ச நேரம் தங்கட்டும். இதைச் சொன்னால் அவ்வாக்கள் முகம் சுளிப்பார்கள். கொப்பளிக்காத வாய் அவர்களுக்கு எச்சில் வாய். சண்டை போடாமல் ஒரே ஒரு வாய் தண்ணீர் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

அழுகிற குழந்தையை என்ன செய்வது? பெரும்பாலும் அழுவதற்குக் காரணம் இருக்கும். பேஸ்ட் காரமாக இருக்கலாம், மேலுதட்டுக்கு நடுவில் இருக்கும் சவ்வில் பிரஷ் இடிக்கலாம், ஏற்கெனவே சொத்தை வலிக்கலாம். உதட்டைத் தூக்கி இடது ஆள்காட்டி விரலால் அந்தச் சவ்வை மறைத்துக்கொண்டால் பாதி அழுகை நின்றுவிடும். எங்கள் மையத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் மறு பக்கம் என்று எண்ணிக்கொண்டே தேய்ப்போம். முடிந்துவிடும் என்று தெரிந்தால் குழந்தை பொறுத்துக்கொள்ளும். "ஊசி போட்டுருவாங்க", "பல்லு டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள். நாளைக்கு நிஜமாகவே டாக்டரிடம் போக நேரும்போது அந்தக் குழந்தை வாயைத் திறக்காது.

அவ்வாக்களிடம் எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. கரி, செங்கல் தூள், சாம்பல், உப்பு. இவற்றைக் குழந்தையின் பல்லில் போடவே கூடாது. பளிச்சென்று ஆவது எனாமல் தேய்வதால்தான், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. வேப்பங்குச்சியைப் பெரியவர்கள் மென்று தேய்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழந்தைக்கு அது அண்ணத்தில் குத்தும், கடைவாய்க்குப் போகாது. கோபால் பல்பொடி விளம்பரத்தை ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பொடி பிடிக்கும். ஆனால் விரலால் தேய்த்தால், எந்தப் பொடியானாலும், பல்லுக்கு நடுவிலும் பள்ளத்திலும் விரல் போகாது.

இளம் அம்மாக்களின் பயம் வேறு. ஃபுளோரைடு விஷமாமே டீச்சர் என்று செல்போனைக் காட்டுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. குடிதண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பும் கெடும். இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டுபிடித்து எழுதியது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில். எங்களுக்குத் தூரமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் தலைமுறைகளாக இந்தத் தண்ணீரைக் குடித்துத் துன்பப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்த நோய் அப்படிப்பட்ட தண்ணீரைத் தினமும் லிட்டர் கணக்கில் குடிப்பதால் வருவது. அரிசி அளவு பேஸ்ட்டில் தேய்த்துத் துப்புவது வேறு. பல்லின் மேல் படும் ஃபுளோரைடு, கரைந்த எனாமலைத் திரும்ப இறுக்குகிறது. சொத்தையைத் தடுப்பதில் இதற்கு இணையாக நிரூபணமான ஒன்று பேஸ்ட்டில் வேறில்லை. ட்யூபில் ஃபுளோரைடின் அளவைக் காட்ட பி.பி.எம். என்று போட்டு ஓர் எண் இருக்கும். 1000 என்று இருந்தால் நல்லது. கார்ட்டூன் படம் போட்ட சில குழந்தைப் பேஸ்ட்டுகளில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. படத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம் என்றால் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் மையத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பல் தேய்க்கிறோம். ஒவ்வொரு பிரஷ்ஷிலும் பெயரும் ஒரு படமும். மயில் யாருடையது, சேவல் யாருடையது என்பது எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். ஒன்றோடொன்று படாமல் ஓட்டை போட்ட அட்டையில் நிற்கவைத்துக் காயவிடுகிறோம். கோடையில் தண்ணீர் குறையும், அப்போது ஒரு டம்ளரில் சமாளிப்போம். எல்லாப் பிள்ளைக்கும் என்னால் முழுதாகத் தேய்த்துவிட முடியாது. அது வீட்டில் இரவில்தான் நடக்க வேண்டும். ஆனாலும் கூடச் சேர்ந்து செய்வதில் ஒரு பலம் இருக்கிறது. வீட்டில் அடம்பிடிக்கிற பிள்ளை இங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வாயைத் திறக்கும்.

இதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் நர்சரிப் பள்ளிகளில் தினமும் டீச்சர் கண்காணிப்பில் பிள்ளைகள் பல் தேய்க்கிறார்கள். சைல்டுஸ்மைல் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். 2003இல் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் சொத்தை தென்படாதவர்கள் சுமார் 45 சதவீதம். 2018இல் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று தோன்றலாம். பிலிப்பைன்ஸ் பணக்கார நாடு இல்லை. அங்கே அரசுப் பள்ளிகளில் நீளமான பிளாஸ்டிக் குழாயில் வரிசையாகத் துளை போட்டு, ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் கை கழுவிப் பல் தேய்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். குழாயும் துளையும்தான் செலவு. நம் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் இன்று அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்கு முன் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். கை கழுவும் இடத்தில் இப்படி ஒரு குழாய் போட்டால் அதே வரிசையில் பல்லும் தேய்த்துவிடலாம். ஊராட்சித் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் அடையாளம். அந்த நிலையில் ஒழுங்காகத் தேய்த்து, இனிப்பைக் குறைத்து, டாக்டரிடம் ஃபுளோரைடு பூச்சு போட்டால் பல் பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். பால் பல்லையும் அடைக்கலாம், வேர் சிகிச்சையும் செய்யலாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும், கிராம்பு வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்து மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. அன்றைக்குக் குழந்தையை லீவு போடவைக்காதீர்கள். பெரிய சிகிச்சை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே அங்கு உண்டு. கன்னத்தைப் பிடித்தபடி வாசலில் நின்ற அந்தப் பையனையும் அங்கேதான் அழைத்துப் போகச் சொன்னேன். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிவிட்டார்கள்.

கடைசியாக அப்பாக்களிடம் ஒன்று கேட்கிறேன். விடியற்காலையில் ரயிலுக்கு ஓடும் உங்களால் காலையில் முடியாது, தெரியும். இரவில் வீட்டில் இருக்கிறீர்கள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நேரம், அவ்வாவுக்குக் கண் சரியாகத் தெரியாத நேரம். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, அதன் டார்ச்சை மட்டும் போட்டுக் குழந்தையை மடியில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. இன்றைக்கு ராத்திரியிலிருந்து அது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.